முந்தி வந்தவர் தோற்றாலும் பரவாயில்லை: டிராக் ரேஸ் நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இரண்டிரண்டு கார்களாக நேர்ப்பாதையில் வேகம் பார்க்கும் அமெச்சூர் டிராக் ரேஸ்களைத் தொலைக்காட்சிக்காக நடத்தும் தயாரிப்பாளர்களுக்கும் போட்டி இயக்குநர்களுக்கும் வணக்கம்.

பந்தய நாள்களில் நேரக் கோபுரத்தில் உட்கார்ந்து, ஓட்டம் முடித்துத் திரும்புகிறவர்களுக்கு அவர்கள் ஓடிய நேரம் அச்சிட்ட டைம் ஸ்லிப்பை எடுத்துக் கொடுப்பவன் நான். சம்பளமில்லாத வேலை. உங்கள் நிகழ்ச்சிகளையும் விடாமல் பார்க்கிறேன். வாரம் முழுவதும் வேறு வேலை பார்த்துவிட்டு, சொந்தக் காசில், சொந்தக் கையால் பிரித்து மாட்டிய காரோடு வந்து நிற்கும் ஆட்களைத் திரையில் காட்டுகிறீர்களே, அதற்கு நன்றி. தொழில்முறை ஓட்டக்காரர்களைப் படம்பிடிக்க ஆள் எப்போதும் உண்டு. இவர்களைத் தேடி கேமரா வருவது அபூர்வம்.

நன்றியைச் சொல்லியாயிற்று. இனி குறைக்கு வருகிறேன்.

நூற்றுக்கணக்கான கார்களை வரவழைத்து, அவற்றில் ஒரு சிலதை மட்டும் கேமரா முன் மோதவிடுகிறீர்கள். மோதும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரே நொடியில் கிளம்பி, யார் முதலில் கோட்டைத் தொடுகிறாரோ அவர் வெற்றி. பார்க்கிறவருக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியாது என்றுதான் தோன்றும். ஆனால் அந்த இரண்டு கார்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியது யார், எந்தக் கணக்கில் நிறுத்தினார் என்று கேட்டால் பதில் இல்லை. நியாயமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, ஏற்கெனவே நியாயமாக இருந்த ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள். நான் சொல்வது பிராக்கெட் ரேஸை.

உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் இந்த மடலைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிராக்கெட் ரேஸில் ஒவ்வொருவரும் தன் கார் கால் மைலை, அதாவது 402 மீட்டரை, எத்தனை விநாடியில் கடக்கும் என்று முன்கூட்டியே காரின் கண்ணாடியில் எழுதி வைக்க வேண்டும். அதுதான் டயல்-இன். ஒருவர் 13.20 என்கிறார், இன்னொருவர் 11.00 என்கிறார் என்றால், மெதுவான காருக்கு 2.20 விநாடி முன்னதாகவே பச்சை விளக்கு எரியும். இருவரும் சொன்ன நேரத்தைச் சரியாக ஓடினால் கோட்டில் ஒன்றாக வந்து சேர்வார்கள். சொன்னதைவிட வேகமாக ஓடிவிட்டால் அது பிரேக்-அவுட். முதலில் வந்தாலும் தோல்வி. இருவருமே அப்படி ஓடினால், குறைவாக மீறியவருக்கு வெற்றி. பச்சைக்கு முன்னால் கிளம்பினால் சிவப்பு விளக்கு. அது பிரேக்-அவுட்டைவிடப் பெரிய குற்றம்.

கணக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். 13.20 சொன்னவர் பச்சை எரிந்து 0.045 விநாடியில் கிளம்பி 13.24 ஓடுகிறார். 11.00 சொன்னவர் 0.030-இல் கிளம்பி 11.07 ஓடுகிறார். முதலாமவர் மொத்தத்தில் இழந்தது 0.085 விநாடி, இரண்டாமவர் இழந்தது 0.100. மெதுவான கார் 0.015 விநாடியில் ஜெயிக்கிறது. பின்னாலிருந்து மணிக்கு 195 கிலோமீட்டரில் பாய்ந்து வரும் காருக்கு அந்த வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை. அலுவலகத்துக்கு ஓட்டிப் போகிற காரும், இன்ஜினுக்காகவே பத்து வருடச் சேமிப்பைக் கரைத்த காரும் ஒரு மீட்டருக்குள் வந்து முடிகின்றன. இதைவிட நல்ல காட்சி உங்களுக்கு எங்கே கிடைக்கும்? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர்கள்.

உங்கள் பதில் எனக்குத் தெரியும். "பார்வையாளருக்குப் புரியாது. ஒருவன் முன்னாலேயே கிளம்பிப் போகிறான், முதலில் வந்தவன் தோற்றான் என்கிறோம், சேனலை மாற்றிவிடுவார்கள்." கிரிக்கெட்டில் மழை வந்தால் இலக்கை மாற்றும் கணக்கை எத்தனை பேர் போட்டுப் பார்க்கிறார்கள்? யாரும் டிவியை அணைத்துவிட்டுப் போகவில்லையே. திரையின் மூலையில் எண்ணைக் காட்டுகிறார்கள், வர்ணனையாளர் நாலு தடவை சொல்கிறார், ஐந்தாவது தடவை வீட்டிலிருக்கும் பாட்டியே சொல்லிவிடுகிறார். பார்வையாளரை மட்டமாக எடைபோடுவது உங்கள் தொழிலில் ஒரு பழக்கமாகிவிட்டது.

சரி, அதைத் தூக்கிப் போட்ட இடத்தில் எதை வைத்தீர்கள்? தேர்வை. காலையிலிருந்து எல்லோரையும் ஓடவிட்டு, கிட்டத்தட்ட ஒரே அளவு விநாடியில் தூரத்தைக் கடக்கும் கார்களாகப் பார்த்து ஒரு கூட்டத்தைப் பொறுக்கி எடுக்கிறீர்கள். யோசனையில் தவறில்லை. சமமானவர்களை மோதவிட்டால் விறுவிறுப்பு கூடும் என்பது உண்மைதான். ஆனால் இந்த முறை கெட்டுப்போக மூன்று வாசல் இருக்கிறது, மூன்றையும் திறந்து வைத்திருக்கிறீர்கள்.

எந்த நேரத்துக்குப் பக்கத்தில் ஓடும் கார்களை எடுக்கப்போகிறீர்கள் என்பதைக் காலையில் சொல்வதில்லை. மாலையில், ஓட்டமெல்லாம் முடிந்தபிறகு, இத்தனை விநாடிக்கும் இத்தனை விநாடிக்கும் நடுவே ஓடியவர்கள் என்று கோடு போடுகிறீர்கள். அம்பை எய்த பிறகு வட்டம் வரைகிற வேலை இது. நீங்கள் யாருக்கும் சலுகை காட்டவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தாலும் அதை நிரூபிக்க உங்கள் கையில் ஒன்றும் இல்லை. நல்ல பெயிண்ட் அடித்த கார், கேமராவைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த ஓட்டுநர், உருக்கமான குடும்பக் கதை இவையெல்லாம் அந்தக் கோட்டுக்குள் எப்படியோ வந்து விழுந்துவிடுகின்றன என்று கார்களைத் தயார்செய்யும் பிட்டில் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சை நிறுத்துவது உங்களுக்குச் சுலபம். வட்டத்தை முதலிலேயே வரைந்து வையுங்கள்.

அடுத்தது பதுங்கி ஓட்டுவது. ஆங்கிலம் பேசும் பந்தயக்காரர்கள் சாண்ட்பேகிங் என்பார்கள். உண்மையில் 10.6 ஓடும் காரை, பாதி வழிக்குப் பிறகு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து 11.1 ஆக்கிக் காட்டுவது. தேர்வானதும் முழு மூச்சாக மிதிப்பது. பிராக்கெட் ரேஸில் இந்தத் தந்திரம் பலிக்காது, பிரேக்-அவுட் விதி கழுத்தைப் பிடிக்கும். உங்கள் போட்டியில் பிரேக்-அவுட்டும் இல்லை, டயல்-இன்னும் இல்லை. ஆகவே பதுங்குகிறவருக்குப் பரிசு, காலையிலிருந்து நேர்மையாக ஓடியவருக்கு முதல் சுற்றிலேயே தோல்வி.

இதைக் கண்டுபிடிக்க முடியாதா என்றால், முடியும். டைம் ஸ்லிப்பைப் படிக்கத் தெரிந்தால் போதும். அதில் கடைசி நேரம் மட்டுமா இருக்கிறது? 60 அடி, 330 அடி, 660 அடி, 1000 அடி, கால் மைல் முடியும் 1320 அடி என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி நேரம் இருக்கிறது. கடைசி 66 அடியில் அளந்த வேகமும் இருக்கிறது. 660 அடி வரை ஒரு புலிபோல வந்த கார் 1320 அடியில் சராசரிக் காராக மாறியிருந்தால், கடைசி வேகமும் சட்டென்று விழுந்திருந்தால், நடுவில் யாரோ காலை எடுத்திருக்கிறார் என்று அர்த்தம். கோபுரத்தில் இருக்கும் எங்களுக்கு அது காகிதம் கையில் வந்த உடனே தெரிந்துவிடும். தொடக்கத்திலேயே மெதுவாக விட்டுப் பதுங்குகிற கெட்டிக்காரர்களும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அவர்களும் 60 அடி நேரத்தை ஓட்டத்துக்கு ஓட்டம் ஒப்பிட்டால் மாட்டிக்கொள்வார்கள். எல்லா ஓட்டங்களின் முழு டைம் ஸ்லிப்பையும் அன்று மாலையே எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டால் போதும், நீங்கள் போலீஸ் வேலை பார்க்கத் தேவையில்லை. போட்டியாளர்களே ஒருவரையொருவர் கண்காணித்துக்கொள்வார்கள். பந்தயக்காரன் கண்ணைவிடக் கூர்மையான கண் வேறு கிடையாது.

மூன்றாவது வாசல், நடுவர் கையை ஆட்டித் தொடங்கி வைப்பது. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கோபம்.

1963-இல் இந்தியானாபொலிஸில் நடந்த தேசியப் போட்டியில் அமெரிக்காவில் டிராக் ரேஸ்களை நடத்தும் என்எச்ஆர்ஏ அமைப்பு விளக்குக் கம்பத்தைக் கொண்டுவந்தது. கிறிஸ்துமஸ் மரம் என்று இன்றும் அழைக்கிறோம். அதற்கு முன்னால் கொடி அசைப்பவர்தான் எல்லாம். கொடியை மாற்றியதற்குக் காரணம் இருந்தது: மனிதர் தோளைக் குலுக்குவதைப் படித்து ஓட்டுநர்கள் முன்கூட்டியே கிளம்பப் பழகிவிட்டார்கள், எது சரியான தொடக்கம் என்ற சண்டைக்கு முடிவே இல்லை. விளக்கு வந்தபிறகு இரண்டு லேனுக்கும் ஒரே அளவு நேரம். மூன்று மஞ்சளும் அரை விநாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து பச்சை வருவது ஒரு வகை; மூன்றும் ஒரே நேரத்தில் எரிந்து 0.4 விநாடியில் பச்சை வருவது இன்னொரு வகை. எதுவானாலும் இயந்திரத்துக்குத் தோளும் இல்லை, கண்ணிமையும் இல்லை.

இத்தனை வருடம் கழித்து, அழகாக இருக்கிறது என்பதற்காகத் தொகுப்பாளரை நடுவில் நிறுத்திக் கையை இறக்கச் சொல்கிறீர்கள். அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. பழைய தெருப் பந்தயத்தின் வாசனை அடிக்கிறது. ஆனால் என்ன நடக்கிறது பாருங்கள். ஒருவர் 0.05 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நின்ற நிலையிலிருந்து அந்த நேரத்தில் கார் நகர்ந்திருப்பது ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். எந்த மனிதக் கண்ணுக்கும் அது தெரியாது, டயர் சுருங்குவதாகத்தான் படும். அதே 0.05 விநாடி, 195 கிலோமீட்டர் வேகத்தில் கோட்டைக் கடக்கும்போது இரண்டரை மீட்டருக்கு மேல். பாதிக் கார் நீளத்துக்கு வெற்றி. தொடக்கத்தில் யாருக்கும் தெரியாமல் எடுத்த சென்டிமீட்டர், முடிவில் எல்லோரும் கைதட்டும் மீட்டராகிவிடுகிறது. சமமான கார்களாகத் தேர்ந்தெடுத்தோம் என்று பெருமைப்படுகிறீர்களே, கார்கள் எவ்வளவுக்கெவ்வளவு சமமோ அவ்வளவுக்கவ்வளவு இந்தத் திருட்டுக்குப் பலன் அதிகம். இதை யோசித்தீர்களா?

விளக்கிலும் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். வெவ்வேறு நேரத்தில் கிளம்பும் பந்தயத்தில் மெதுவான கார் முதலில் சிவப்பு வாங்கினால் எதிராளிக்கு உடனே வெற்றி என்பது பழைய வழக்கம். பின்னால் கிளம்பும் வேகமான கார் அதைவிட மோசமாக முன்கூட்டியே கிளம்பியிருந்தாலும் கேள்வியில்லை. இது மெதுவான காருக்கு இழைத்த அநீதி. இப்போது இருவரின் மீறலையும் ஒப்பிட்டு, அதிகம் மீறியவரைத் தோற்கடிக்கும் கருவிகள் வந்துவிட்டன. விளக்கின் குறையைத் திருத்த வழி இருந்தது, திருத்தினார்கள். கையின் குறையை எப்படித் திருத்துவீர்கள்?

தெருப் பந்தய பாணியில் பேரம் பேசி, எத்தனை கார் நீளம் முன்னால் விடுவது என்று ஒத்துக்கொண்டு ஓடும் நிகழ்ச்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. அது வேறு விளையாட்டு. வாய் சாமர்த்தியமும் அதில் சேர்ந்ததுதான் என்று இரு தரப்புக்கும் தெரியும். காரையே பணயம் வைப்பதில் மட்டும் ஒரு பேச்சு: வீட்டில் இன்னும் இரண்டு கார் வைத்திருப்பவரும், இருக்கிற ஒரே காரைக் கொண்டு வந்தவரும் ஒரே பணயம் வைக்கிறார்கள் என்று தொகுப்பாளர் சொல்லும்போது எனக்கு எரிச்சல் வருகிறது.

படப்பிடிப்பின் வேளை பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டிராக் ரேஸ் காற்றோடும் வெப்பத்தோடும் ஓடும் விளையாட்டு. வெயில் சாய்ந்து காற்று குளிர்ந்தால் அது அடர்த்தியாகும், இன்ஜினுக்குள் ஆக்சிஜன் அதிகம் போகும், காலையில் ஓடிய நேரத்தைவிட மாலையில் கார் வேகமாக ஓடும். தளத்தின் சூடு மாறும், ஒட்டும் தன்மை மாறும். ஒரு லேன் நிழலில் கிடக்கும், மற்றது வெயிலில் காயும். இதெல்லாம் இருவருக்கும் ஒன்றுபோல நடந்தால் புகார் இல்லை. ஆனால் பர்ன்-அவுட் அடித்து டயரைச் சூடாக்கி, கோட்டுக்கு வந்து நிற்கும் இருவரையும் "கொஞ்சம் பொறுங்கள்" என்று கேமரா ஆள் நிறுத்திவிடுகிறார். லென்ஸ் மாற்றுகிறார்கள். ஒரு காரில் பெரிய ரேடியேட்டரும் மின்விசிறியும் இருக்கிறது, அது அசையாமல் நிற்கும். பக்கத்துக் காரில் வெப்பமானி முள் ஏறிக்கொண்டே போகிறது. ஓட்டுநர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து முள்ளையும் நடுவரையும் மாறி மாறிப் பார்க்கிறார். இன்ஜினை அணைத்தால் படம் கெடும் என்கிறார்கள், அணைக்காவிட்டால் இன்ஜின் கெடும். பந்தயம் அங்கேயே முடிந்துவிட்டது. ஓடுவதுதான் பாக்கி.

சுற்றுக்குச் சுற்று இடைவெளியும் இப்படித்தான். ஒருவரைப் பேட்டி எடுப்பதற்காக அவருடைய ஓட்டத்தைக் கடைசிக்குத் தள்ளுகிறீர்கள். ஜெயித்த சூட்டோடு அவரை அடுத்த சுற்றுக்கு இழுக்கிறீர்கள். எதிராளி முன்பே ஓடி முடித்து, பானெட்டைத் திறந்து வைத்து இன்ஜினை ஆறவிட்டிருப்பார். குறைந்தபட்சம் இத்தனை நிமிடம் ஓய்வு என்று விதியில் எழுதி, கடிகாரத்தை இருவர் கண்ணிலும் படும்படி வையுங்கள். லேனை யார் தேர்ந்தெடுப்பது, எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால் எதிராளி இல்லாமல் தனியாக ஓடிச் சுற்றைத் தாண்டும் அதிர்ஷ்டம் யாருக்கு என்பதெல்லாம் சீட்டுக் குலுக்கியோ முந்தைய சுற்றில் பச்சை எரிந்ததும் யார் சீக்கிரம் கிளம்பினார் என்பதை வைத்தோ தீர்மானிக்க வேண்டியவை. தயாரிப்பு வேனுக்குள் தீர்மானிக்க வேண்டியவை அல்ல.

பாதுகாப்பு இந்த மடலின் விஷயம் இல்லை என்று நினைப்பீர்கள். இந்த இடத்தில் அதுவும் வருகிறது. என்எச்ஆர்ஏ விதிப்படி பொதுவாக 11.49 விநாடிக்குள் ஓடும் கார்களுக்கு, கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் உலோக வளைவான ரோல் பார் வேண்டும், 9.99-க்குள் போனால் கூண்டுபோன்ற முழு ரோல் கேஜ் வேண்டும். புதிய தயாரிப்புக் கார்கள் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. 11.6 ஓடுவதற்குத் தகுந்த பாதுகாப்போடு வந்த ஒருவரை, கேமரா முன்னால், பரிசுத் தொகை முன்னால், "முழு மூச்சாக ஓடு" என்று தூண்டினால் அவர் என்ன செய்வார்? இன்ஜினுக்குக் கூடுதல் சக்தி கொடுக்கும் நைட்ரஸ் பாட்டிலைத் திறப்பார். சொன்ன நேரத்தைவிட வேகமாக ஓடினால் தோல்வி என்கிற பிரேக்-அவுட் விதி அவரைத் தடுத்திருக்கும். அந்த விதியை எடுத்துவிட்ட பொறுப்பும் உங்களுடையதுதான்.

இரண்டு கார்களும் ஒரே நேரத்தில் கிளம்பும் காட்சி இல்லாமல் நிகழ்ச்சி விலைபோகாது என்றால், அதற்கும் வழி உண்டு. இண்டெக்ஸ் பந்தயம். எல்லோருக்கும் ஒரே இலக்கு நேரம், என்எச்ஆர்ஏ-வில் 8.90, 9.90, 10.90 என்று மூன்று பிரிவுகள் இப்படி நடக்கின்றன. இரண்டு காருக்கும் ஒரே நேரத்தில் பச்சை, இலக்கைவிட வேகமாக ஓடினால் தோல்வி. உங்களுக்குப் பிடித்த காட்சி அப்படியே கிடைக்கும், பதுங்குகிறவருக்கு வேலை இருக்காது. நேரத்தைப் பிடித்து நிறுத்த நடுவழியில், இன்ஜினுக்குக் காற்றை விடும் திராட்டிலைத் தானாக மூடித் திறக்கும் கருவி பொருத்துகிறார்கள், கார் மூச்சு வாங்குவதுபோலச் சத்தம் கேட்கும், சிலருக்கு அது பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. அந்தக் கருவி கூடாது என்று விதி போட்டுவிட்டுப் போங்கள்.

என் விருப்பம் என்னவோ இன்னும் பிராக்கெட் ரேஸ்தான். அதைத் திரையில் காட்டுவது கஷ்டமில்லை. டயல்-இன் எண்ணை ஏற்கெனவே கண்ணாடியில் வெள்ளைச் சாயத்தில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். கேமராவை அங்கே கொண்டுபோனால் பாதி விளக்கம் முடிந்தது. மெதுவான கார் கிளம்பியதும் திரையின் அடியில் ஒரு கோடு ஓடட்டும், எதிராளிக்குப் பச்சை வரும்வரை குறைந்துகொண்டே. பின்னால் கிளம்பும் ஓட்டுநரின் முகத்தை அந்த 2.20 விநாடியும் காட்டுங்கள். முன்னால் போகிற காரைப் பார்க்கவும் கூடாது, தன் விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவும் கூடாது என்று அவர் படும் பாடு ஒன்றே போதும். கோட்டுக்கு அருகில் இன்னொரு நாடகம் இருக்கிறது. ஜெயிக்கிற அளவுக்கு முன்னால் இருக்க வேண்டும், பிரேக்-அவுட் ஆகிவிடவும் கூடாது. கடைசி நொடியில் கண்ணாடியில் எதிராளியைப் பார்த்து பிரேக்கை லேசாகத் தொடுவார்கள். பிரேக் விளக்கு மின்னும். அந்த மின்னலை ஒரு தடவை மெதுவோட்டத்தில் காட்டிப் பாருங்கள்.

கேட்பதைச் சுருக்கமாகக் கேட்டுவிடுகிறேன். அடுத்த பருவத்துக்கான விண்ணப்பப் படிவத்தோடு விதித்தாளையும் சேர்த்து அனுப்புங்கள். தேர்வு எந்த எண்ணின் அடிப்படையில் என்பது அதில் இருக்கட்டும். விளக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள், தொகுப்பாளர் வேண்டுமானால் விளக்கை இயக்கும் பொத்தானை அழுத்தட்டும். ஒளிபரப்பாகாத ஓட்டங்களின் முடிவுகளையும் எங்காவது வெளியிடுங்கள். படத்தொகுப்பில் சுற்றுகளின் வரிசையை மாற்றினால் அதைத் திரையில் ஒரு வரியில் சொல்லுங்கள், நாங்கள் ஒன்றும் குறையாக நினைக்கமாட்டோம்.

இன்னொன்று. சென்ற ஆண்டு படப்பிடிப்பு ஒன்றில் தேர்வாகாத ஓட்டுநர் ஒருவர், தன் டைம் ஸ்லிப்புகளை வரிசையாகப் பிடித்துக்கொண்டு கோபுரத்துக்கு வந்து, "நான் எதில் தவறினேன்?" என்று கேட்டார். ஐந்து ஓட்டத்தையும் பார்த்தேன். ஒன்றுக்கொன்று 0.04 விநாடிக்குமேல் வித்தியாசமில்லை. அன்று தேர்வான சிலருடையதைவிட அவருடைய ஓட்டம் சீராக இருந்தது. தயாரிப்புக் குழுவிடம் போய்க் கேட்டேன், "எல்லாவற்றையும் பார்த்துத்தான் எடுத்தோம்" என்றார்கள். அவருக்கு அந்தப் பதிலைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அடுத்த முறை அப்படி ஒருவர் வரும்போது, அவர் கையிலிருக்கும் எண்ணையும் உங்கள் விதித்தாளில் இருக்கும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும்படி எனக்கு ஒரு தாள் கொடுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
நேரக் கோபுரத்துத் தன்னார்வலன்